ஒன்றைப்போலவே இருக்கும் இன்னொன்று: வண்ணப்பிரிகை எங்கே, எதற்குப் பயன்படுகிறது?

2025 அக்டோபரில், மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாரா மாவட்டத்தில் இருமல் சிரப் குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்துகொண்டிருந்த செய்தி வந்தது. எண்ணிக்கை இருபதைத் தாண்டியது. சிரப் தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாடு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஆலையில் மாதிரி எடுத்துச் சோதித்தது. ஓரிரு நாளில் விடை கிடைத்தது. டைஎத்திலீன் கிளைக்கால் என்ற நஞ்சு, 48.6 சதவீதம். அனுமதிக்கப்படும் உச்ச அளவு 0.1 சதவீதம்தான். ஏறத்தாழ 500 மடங்கு.

செய்தியைப் படித்த பலருக்கும் எழுந்த கேள்விகள் இரண்டு. பாட்டிலில் பாதி நஞ்சு இருக்கும்போது, அது ஆலையை விட்டு வெளியே எப்படி வந்தது? வெளியே வந்தபின் இவ்வளவு சீக்கிரம் எப்படித் தெரிந்தது? இரண்டுக்குமான விடை, கலவையிலுள்ள பொருள்களைத் தனித்தனியே பிரித்துக்காட்டும் வண்ணப்பிரிகை என்ற ஒரே முறையில் இருக்கிறது. ஆய்வுக்கூடங்களில் இதைக் குரோமட்டோகிராஃபி என்றே சொல்வார்கள். முதல் கேள்விக்கு அது செய்யப்படாததும், இரண்டாவது கேள்விக்கு அது செய்யப்பட்டதும் விடை.

கண்ணால் ஏன் பிடிக்க முடியாது?

சிரப்பில் மருந்தைக் கரைக்க புரொப்பிலீன் கிளைக்கால் அல்லது கிளிசரின் சேர்ப்பார்கள். இரண்டும் நிறமற்றவை, கொழகொழப்பானவை, லேசான இனிப்புள்ளவை. டைஎத்திலீன் கிளைக்காலும் அப்படியேதான் இருக்கும். ஆனால் அது தொழிற்சாலைகளுக்கான ரசாயனம். மருந்துத் தரத்துப் பொருளைவிட மலிவு. உடலுக்குள் போனதும் கல்லீரல் அதை டைகிளைக்காலிக் அமிலமாக மாற்றுகிறது. அந்த அமிலம் சிறுநீரகத்தைச் சிதைக்கிறது. குழந்தைக்குச் சிறுநீர் நின்றுபோகும்போதுதான் பெற்றோருக்கு விஷயம் தெரிகிறது.

இது புதிய விபத்து இல்லை என்பதுதான் மனதை அறுக்கிறது. 1937-ல் அமெரிக்காவில் ஒரு சல்ஃபா மருந்தை இதே திரவத்தில் கரைத்து விற்றதில் நூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த ஆண்டே அந்த நாட்டின் மருந்துச் சட்டம் மாறியது. 1972-ல் நம் சென்னையிலேயே குழந்தைகள் இறந்தார்கள். 1986-ல் மும்பை, 1990-களில் ஹைட்டி, 2006-ல் பனாமா, 2022-ல் காம்பியா, இந்தோனேசியா, உஸ்பெகிஸ்தான். ஒவ்வொரு முறையும் நஞ்சு அதேதான் அல்லது அதன் நெருங்கிய உறவான எத்திலீன் கிளைக்கால்.

ஒன்றைப்போலவே இருக்கும் இன்னொன்று உள்ளே புகும் இடங்கள் மருந்தோடு முடிவதில்லை. இரண்டு உதாரணங்களைப் பார்த்துவிட்டால் இந்தத் தொழில்நுட்பம் ஏன் பிறந்தது என்பது விளங்கிவிடும்.

1. கள்ளச்சாராயம். 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் அறுபதுக்கும் மேற்பட்டோரைக் கொன்றது மெத்தனால். குடிக்கும் சாராயம் எத்தனால். சாராயத்தின் கடுப்பை அளக்க ஒரு மிதவைக் குழலைப் போட்டு அடர்த்தி பார்ப்பது பழைய வழக்கம். எத்தனாலின் அடர்த்தி மில்லிலிட்டருக்கு 0.789 கிராம், மெத்தனாலுடையது 0.791. மிதவைக்கு இரண்டும் ஒன்றே. நாக்குக்கும் வித்தியாசம் பிடிபடாது.

2. பால் பவுடர். 2008-ல் சீனாவில் மெலமைன் கலந்த பால் பவுடரால் சுமார் 3 லட்சம் குழந்தைகள் பாதிக்கப்பட்டார்கள். ஆறு பேர் இறந்தார்கள். அந்தப் பால் புரதச் சோதனையில் தேறியிருந்தது. அந்தச் சோதனை புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. மொத்த நைட்ரஜனை அளந்து, அதிலிருந்து புரதத்தைக் கணக்கிடுகிறது. புரதத்தில் நைட்ரஜன் 16 சதவீதம் அளவில் இருக்கும். மெலமைனில் அது மூன்றில் இரண்டு பங்கு. தண்ணீர் கலந்த பாலில் ஒரு சிட்டிகை மெலமைன் போட்டால் நைட்ரஜன் கணக்கு சரியாகிவிடும்.

மொத்தமாக ஒரு குணத்தை அளக்கும் எந்தச் சோதனையையும் இப்படி ஏமாற்றலாம். எடை, அடர்த்தி, இனிப்பு, நைட்ரஜன், எதுவானாலும் சரி. ஏமாறாமல் இருக்க ஒரே வழி, கலவையிலுள்ள ஒவ்வொன்றையும் முதலில் தனித்தனியே பிரித்து நிறுத்திவிட்டு, பிறகு அளப்பது.

பிரிப்பது எப்படி?

மதுரையிலிருந்து திருச்சிக்கு இரண்டு பேருந்துகள் ஒரே நேரத்தில் கிளம்புகின்றன. ஓடும்போது இரண்டின் வேகமும் ஒன்றே. ஒன்று எங்கும் நிற்காது. மற்றொன்று மேலூர், கொட்டாம்பட்டி, துவரங்குறிச்சி, விராலிமலை என்று நின்று நின்று போகும். திருச்சியில் இரண்டும் வெவ்வேறு நேரத்தில்தான் வந்து சேரும். வித்தியாசம் வேகத்தில் இல்லை, நின்ற நேரத்தில் இருக்கிறது.

வண்ணப்பிரிகையில் நடப்பது கிட்டத்தட்ட இதேதான். அசையாமல் இருக்கும் ஒரு பொருள் வேண்டும்; இதை நிலைத்த நிலை என்பார்கள். சிலிக்கா தூள், காகிதம், குழாயின் உட்சுவரில் பூசிய மெல்லிய படலம் என்று எதுவாகவும் இருக்கலாம். அதன் வழியே ஓடும் ஒரு வாயு அல்லது திரவம் வேண்டும். இது நகரும் நிலை. கலவையை ஓட்டத்தில் விட்டால், அதிலுள்ள ஒவ்வொரு பொருளும் நிலைத்த நிலையில் ஒட்டியும் விட்டும் நகரும். அதிக நேரம் ஒட்டுவது பின்தங்கும். குறைவாக ஒட்டுவது முந்தும். ஒருமுறை ஒட்டுவதில் இருக்கும் வேறுபாடு மிகச் சிறியது. ஆயிரக்கணக்கான முறை ஒட்டி விடும்போது அதுவே பெரிய இடைவெளி ஆகிவிடும். ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும் இரண்டு பொருள்களைக்கூடப் பிரிக்க முடிவது இதனால்தான்.

இதைக் கண்டறிந்தவர் மிகாயில் சுவெட் என்ற ரஷ்யத் தாவரவியலாளர். 1903-ல் வார்சாவில் தன் முறையைப் பற்றி உரையாற்றினார். கண்ணாடிக் குழாயில் சுண்ணாம்புத் தூளை அடைத்து, இலைச்சாற்றை மேலே ஊற்றி, கரைப்பானை விட்டபோது, பச்சையும் மஞ்சளும் தனித்தனிப் பட்டைகளாக இறங்கின. 1906-ல் இதற்கு ‘நிறத்தால் எழுதுவது’ என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களிலிருந்து பெயர் வைத்தார். இன்று பிரிக்கப்படும் பொருள்களில் பெரும்பாலானவற்றுக்கு நிறமே கிடையாது; பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. கால் நூற்றாண்டுக்கு மேல் யாரும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1919-ல் சுவெட் இறந்தும் போனார். கம்பளி ஆராய்ச்சி நிலையமொன்றில் அமினோ அமிலங்களைப் பிரிக்கப் போராடிய ஆர்ச்சர் மார்ட்டினும் ரிச்சர்ட் சிஞ்சும் 1941-ல் இந்த முறைக்குப் புதிய உருவம் கொடுத்தார்கள். 1952-ல் அவர்களுக்கு நோபல் பரிசு கிடைத்தது. இன்சுலினில் அமினோ அமிலங்கள் எந்த வரிசையில் கோர்க்கப்பட்டிருக்கின்றன என்று ஃபிரெடெரிக் சேங்கர் கண்டறிந்தது அவர்கள் வழியில் வந்த காகித முறையின் துணையோடுதான்.

வீட்டிலேயே பார்க்கலாம். வடிதாளின் ஒரு துண்டில் கருப்பு ஸ்கெட்ச் பேனாவால் கீழே ஒரு புள்ளி வைத்து, புள்ளி நனையாமல் விளிம்பு மட்டும் தண்ணீரில் படும்படி நிறுத்துங்கள். சில நிமிடங்களில் கருப்பு நீலமாகவும் சிவப்பாகவும் மஞ்சளாகவும் பிரிந்து ஏறும்.

எந்தப் பொருளுக்கு எந்த முறை?

எல்லாவற்றுக்கும் ஒரே கருவி உதவாது. எந்தக் குணத்தைப் பிடித்துப் பிரிக்கப் போகிறோம் என்பதே முதல் முடிவு.

1. ஆவியாகும் பொருள் என்றால் வாயு வண்ணப்பிரிகை. ஆய்வுக்கூடத்தில் ஜிசி. முடியைப்போல் மெல்லிய உள்விட்டமும் பெரும்பாலும் 30 மீட்டர் நீளமும் கொண்ட குழாயைச் சுருட்டி ஓர் அடுப்புக்குள் வைத்திருப்பார்கள். மாதிரியை ஊசியால் செலுத்தினால் ஆவியாகி, ஹீலியம் போன்ற வாயுவோடு குழாய்க்குள் ஓடும். சிரப்பில் புரொப்பிலீன் கிளைக்கால் 188 டிகிரி செல்சியஸிலும் டைஎத்திலீன் கிளைக்கால் 245 டிகிரியிலும் கொதிப்பவை. குழாயின் மறுமுனைக்குச் சில நிமிட இடைவெளியில் வந்து சேர்ந்து, கருவி வரையும் வரைபடத்தில் இரண்டு தனி முகடுகளாக நிற்கும். மெத்தனாலும் எத்தனாலும் இப்படித்தான் பிரிகின்றன.

2. ஆவியாகாதது, சூட்டில் சிதைவது என்றால் திரவம். உயர் அழுத்தத்தில் திரவத்தைத் தள்ளும் முறைக்கு எச்பிஎல்சி என்று பெயர். மாத்திரை ஆலைகளின் தரக்கட்டுப்பாட்டு அறையில் வரிசையாக நிற்பவை இவைதான். நிலக்கடலையிலும் மிளகாயிலும் பூஞ்சை உண்டாக்கும் அஃப்ளாடாக்சினை அளப்பதும் இதில்தான். இந்த நஞ்சைக் கிலோவுக்கு மைக்ரோகிராம் கணக்கில் பார்க்கிறார்கள். பாலில் இதன் ஒரு வடிவத்துக்கு இந்தியா வைத்திருக்கும் வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம், ஐரோப்பிய ஒன்றியத்தில் 0.05.

3. மின்சுமையால் வேறுபடுபவைக்கு அயனிப் பரிமாற்றம். குடிநீரில் ஃபுளோரைடு, நைட்ரேட் பார்ப்பது இதன் வழியே.

4. பெரிய மூலக்கூறு, சிறிய மூலக்கூறு என்று அளவால் பிரிப்பது. நுண்துளைகள் கொண்ட மணிகளுக்குள் சிறியவை புகுந்து தாமதமாகும். பெரியவை புக முடியாமல் முந்திவிடும்.

5. ஒரு குறிப்பிட்ட மூலக்கூறை மட்டும் கைப்பிடித்து நிறுத்துவது. புற்றுநோய் சிகிச்சையில் பயன்படும் எதிர்ப்புரத (ஆன்டிபாடி) மருந்துகளைத் தயாரிக்கும்போது, அவற்றை மட்டும் பற்றிக்கொள்ளும் ‘புரோட்டீன் ஏ’ என்ற புரதத்தைக் குழாயில் பொருத்திப் பிரித்தெடுக்கிறார்கள்.

உங்கள் ரத்தப் பரிசோதனைச் சீட்டில்

நீரிழிவுக்காரர்கள் மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கும் எச்பிஏ1சி (சராசரி ரத்தச் சர்க்கரை) சீட்டை எடுத்துப் பாருங்கள். பல சீட்டுகளில் ‘முறை: எச்பிஎல்சி’ என்று ஓரமாக இருக்கும். ஆய்வுக்கூடத்துக்குள்ளேயே அடைந்து கிடப்பதாக நாம் நினைக்கும் இந்த முறை நம்மில் கோடிக்கணக்கானோரைத் தொடும் இடம் இதுதான் என்பதால், கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ரத்தத்தில் சர்க்கரை எவ்வளவு கூடுதலோ, அவ்வளவு அதிகமாக அது ஹீமோகுளோபின் சங்கிலியின் முனையில் போய் ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதும் அந்த முனையிலிருந்த நேர்மின்சுமை குறைகிறது. எதிர்மின்சுமை கொண்ட குழாய்க்குள் விட்டால், சாதாரண ஹீமோகுளோபின் இறுகப் பிடித்துக்கொள்ளும்; சர்க்கரை ஒட்டியது பிடி தளர்ந்து முன்னதாக வெளியே வந்துவிடும். இரண்டு முகடுகளின் பரப்பை ஒப்பிட்டால் சதவீதம் கிடைக்கும். உங்கள் சீட்டில் 7.2 என்று இருந்தால், அது இந்தக் கணக்குதான்.

ஒரு கூடுதல் பயனும் உண்டு. அரிவாள் செல் சோகைக்குக் காரணமான ஹீமோகுளோபினும், தலசீமியா என்ற பரம்பரை ரத்தச்சோகை தொடர்பான மாற்றங்களும் இதே பிரிகையில் தெரிந்துவிடும். திருமணத்துக்கு முன்பும் கருவுற்ற காலத்திலும் செய்யப்படும் தலசீமியா சோதனை பெரும்பாலும் இந்தக் கருவியில்தான் நடக்கிறது. அதே காரணத்தால், இப்படிப்பட்ட மாறுபட்ட ஹீமோகுளோபின் உள்ளவருக்கு எச்பிஏ1சி எண் பொருத்தமில்லாமல் வரலாம். அப்போது எண்ணை மட்டும் பார்க்காமல் வரைபடத்தையும் பார்க்கும்படி மருத்துவரிடம் கேட்பது நியாயமானது.

ஆலைகளில், மின்வாரியத்தில், விளையாட்டு மைதானத்தில்

மின்மாற்றிக்குள் எண்ணெய் இருக்கும். உள்ளே எங்காவது சூடேறினாலோ தீப்பொறி பறந்தாலோ எண்ணெய் சிதைந்து வாயுக்கள் உருவாகி அதிலேயே கரைந்திருக்கும். பெரிய மின்மாற்றிகளிலிருந்து அவ்வப்போது கொஞ்சம் எண்ணெய் எடுத்து, கரைந்த வாயுக்களை ஜிசியில் பிரித்துப் பார்ப்பார்கள். அசிட்டிலீன் வந்தால் உள்ளே மின்வில் ஏற்படுகிறது என்று அர்த்தம். கார்பன் மோனாக்சைடு ஏறினால் காப்புக் காகிதம் கருகத் தொடங்கியிருக்கிறது. மின்மாற்றியைத் திறக்காமலே நோய் தெரிந்துவிடுகிறது. ரத்தப் பரிசோதனையோடு இதை ஒப்பிடுவது மிகையில்லை.

சந்தன எண்ணெய்க்கு விலை வைப்பது வாசனை என்று நினைப்போம். வர்த்தகத்தில் தீர்மானிப்பது ஜிசி வரைபடத்தில் வரும் ஆல்ஃபா, பீட்டா சாண்டலால்களின் அளவு. வேறு மரத்து எண்ணெய் கலந்தால் அங்கே பிடிபடும். எள்ளுக்கும் இதே கதைதான். 2020-ல் இந்தியாவிலிருந்து போன எள்ளில் எத்திலீன் ஆக்சைடு எச்சம் இருப்பதாக ஐரோப்பா திருப்பி அனுப்பியது. அங்கே எள்ளுக்கான வரம்பு கிலோவுக்கு 0.05 மில்லிகிராம். இவ்வளவு சிறிய அளவை, மூலக்கூறுகளை எடையால் இனங்காணும் நிறை நிறமாலைமானியை ஜிசியோடு இணைத்தால்தான் நம்பகமாகக் காண முடியும்.

இதுவரை சொன்னவை அளப்பதற்காகப் பிரிப்பவை. பொருளையே எடுப்பதற்காகப் பிரிப்பதும் ஒரு பெரிய துறை. மாடு, பன்றிகளின் கணையத்திலிருந்து எடுத்த பழைய இன்சுலினில் வேறு புரதங்கள் ஒட்டிக்கொண்டிருந்தன. 1970-களில் வண்ணப்பிரிகையால் தூய்மையாக்கியபின் ஒவ்வாமைத் தொல்லை குறைந்தது. நாம் உடுத்தும் பாலியஸ்டருக்குத் தாய்ப்பொருளான பாராசைலீனைக்கூட, கொதிநிலையில் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும் அதன் சகோதரப் பொருள்களிடமிருந்து இதே தத்துவத்தில் மாபெரும் கோபுரங்களில் பிரித்தெடுக்கிறார்கள். விளையாட்டில் ஊக்கமருந்துச் சோதனை பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை: 1988 சியோல் ஒலிம்பிக்கில் ஓட்டவீரர் பென் ஜான்சனின் பதக்கம் பறிபோனது சிறுநீரில் ஸ்டானோசோலால் என்ற ஊக்கமருந்து தெரிந்ததால்.

முடிவு எப்போது தவறாகும்?

‘ஆய்வுக்கூடத்தில் சோதித்தாயிற்று’ என்ற வாக்கியத்தை நம்புவதற்கு முன் மூன்று விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

1. வரைபடத்தில் ஒரு முகடு எத்தனையாவது நிமிடத்தில் வந்தது என்பது மட்டும் அடையாளம் ஆகாது. அதே நேரத்தில் வேறொரு பொருளும் வரலாம். தூய டைஎத்திலீன் கிளைக்காலை அதே நாளில், அதே கருவியில் ஓட்டி ஒப்பிட வேண்டும். சந்தேகம் வந்தால் நிறை நிறமாலைமானியில் மூலக்கூறின் துண்டுகளைப் பார்த்து உறுதி செய்ய வேண்டும்.

2. கருவியே பொருளை மாற்றிவிடலாம். நெஞ்செரிச்சலுக்குத் தரும் ரானிடிடின் மாத்திரையில் புற்றுநோய் உண்டாக்கக்கூடிய என்டிஎம்ஏ இருப்பதாக 2019-ல் அமெரிக்காவில் ஒரு தனியார் ஆய்வுக்கூடம் அறிவித்தது. ஒரு மாத்திரையில் லட்சக்கணக்கான நானோகிராம் என்றார்கள். ஒரு நாளைக்கான ஏற்கத்தக்க வரம்பு 96 நானோகிராம். அவர்கள் பயன்படுத்திய ஜிசி முறையில் மாதிரியை 130 டிகிரிக்குச் சூடாக்குகிறார்கள் என்பதையும், அந்தச் சூட்டில் ரானிடிடினே உடைந்து என்டிஎம்ஏ ஆகிறது என்பதையும் அமெரிக்க மருந்து நிர்வாகம் சுட்டிக்காட்டியது. சூடாக்காத திரவ முறையில் பார்த்தபோது அளவு பன்மடங்கு குறைந்தது. ஆனால் விஷயம் அங்கே முடியவில்லை. அலமாரியில் வைத்திருக்கும்போதும், கொஞ்சம் வெப்பம் பட்டாலும் அந்த நஞ்சு மெல்ல உருவாகிக்கொண்டே இருந்தது தெரிந்தது. 2020 ஏப்ரலில் மாத்திரையைச் சந்தையிலிருந்து எடுக்கச் சொன்னார்கள். முதல் எண் தவறு, எச்சரிக்கை சரி. முறையின் பெயரை அறியாமல் எண்ணை மட்டும் செய்தியில் படிப்பது எவ்வளவு குழப்பும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

3. தேடுவதுதான் கிடைக்கும். இருமல் சிரப்பில் மருந்தின் அளவு சரியாக இருக்கிறதா என்று மட்டும் எச்பிஎல்சியில் பார்த்தால், அது சரியாகவே இருக்கும். பாராசிட்டமால் குறையவில்லை, குளோர்ஃபெனிரமின் குறையவில்லை என்று சான்றிதழ் தரலாம். அவற்றைக் கரைத்திருக்கும் திரவம் என்ன என்று யாரும் கேட்காதவரை நஞ்சு எந்த வரைபடத்திலும் தென்படாது.

அப்படியானால் எங்கே சோதிக்க வேண்டும்?

இந்த மூன்றாவது விஷயத்திலிருந்துதான் இருமல் சிரப்புக்கான விடை வருகிறது. நஞ்சு, சிரப் தயாரித்தபின் உண்டாவது இல்லை. கரைப்பான் என்று பெயர் ஒட்டிய பீப்பாய்க்குள் வருகிறது. பீப்பாய் கைமாறிக் கைமாறி வரும்போது, கூடவே வரும் தரச்சான்றிதழ் எந்தப் பீப்பாயைப் பற்றியது என்பதற்கு உத்தரவாதம் இல்லை. காய்ச்சுவதற்கு முன் அந்தப் பீப்பாயிலிருந்து எடுத்த திரவத்தைப் பிரித்துப் பார்ப்பதே காப்பு. ஒவ்வொரு தொகுதி மூலப்பொருளையும் சோதிக்க வேண்டும் என்பது இந்திய மருந்து விதிகளில் முன்பே இருக்கிறது.

காம்பியாவுக்குப்பின், 2023 ஜூன் 1 முதல், ஏற்றுமதியாகும் இருமல் சிரப்பை அரசு ஆய்வுக்கூடத்தில் சோதித்தபின்தான் அனுப்ப வேண்டும் என்று இந்தியா கட்டாயமாக்கியது. உள்நாட்டுக் குழந்தைகள் குடிக்கும் சிரப்புக்கு அந்தக் கட்டாயம் இருக்கவில்லை. எந்தத் தொழில்நுட்பக் காரணமும் இதற்குக் கிடையாது. கப்பலேறும் பாட்டிலுக்கும் சிந்த்வாராவுக்கு லாரியில் போகும் பாட்டிலுக்கும் ஒரே ஜிசி போதும்.

ஜிசி வாங்கப் பல லட்சம் ரூபாய் ஆகும், சிறிய ஆலையால் முடியாது என்பார்கள். உலக சுகாதார நிறுவனம் இதற்கு இரண்டு படி முறையைச் சொல்லியிருக்கிறது. முதல் படி மெல்லிய தகடு வண்ணப்பிரிகை, அதாவது டிஎல்சி: சிலிக்கா பூசிய ஒரு தகட்டின் அடியில் சிரப்பை ஒரு புள்ளியாகவும், தூய நஞ்சை வரம்பு அளவில் இன்னொரு புள்ளியாகவும் வைத்து, மூடிய கண்ணாடிப் பாத்திரத்தில் கரைப்பானை ஏறவிட்டு, சாயமேற்றிப் பார்ப்பது. பக்கத்தில் இருக்கும் நஞ்சின் உயரத்திலேயே சிரப்பிலும் புள்ளி தெரிந்தால், மாதிரியை ஜிசி உள்ள ஆய்வுக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும். அதுவரை பீப்பாயைத் தொடக்கூடாது. இந்தத் தகட்டுக்கு ஜிசியைப்போல் பெரிய கருவி வேண்டாம். வேதியியல் பட்டம் பெற்ற ஒருவர் ஒரே முற்பகலில் செய்து முடிக்கலாம். 48.6 சதவீதம் கலந்திருந்தால், புள்ளி அந்தத் தகட்டில் திட்டாகவே தெரிந்திருக்கும்.